ஃப்ரட், சொராரிட்டி: கெட்ட பேர் எங்கிருந்து வருது, வீட்டுச் சாவி யார் கையில இருக்கு?

#1 தாழம்பூ

ஆகஸ்ட் பிறந்தால் அமெரிக்காவில் கல்லூரிக்குப் பிள்ளை அனுப்பும் தமிழ் வீடுகளில் ஃப்ரட் (ஆண் மாணவர் சங்கம்), சொராரிட்டி (பெண் மாணவர் சங்கம்) பற்றிய பேச்சு வந்துவிடும். பிள்ளை “ரஷ் போகப்போறேன்”, அதாவது சங்கத்தில் சேரும் தேர்வுக்குப் போகிறேன், என்கிறது. அப்பா தேடிப் பார்த்தால் முதலில் வருவது சாவுச் செய்தி. பிள்ளை காட்டும் வீடியோவிலோ ஒரே நிறத்தில் உடுத்திய நாற்பது பெண்கள் வாசலில் நின்று கைதட்டி ஆடுகிறார்கள். “குடிகாரக் கூட்டம்” என்று ஒருவர் சொல்கிறார், “செனட்டரும் நீதிபதியும் அங்கிருந்துதான் வருகிறார்கள்” என்று இன்னொருவர்.

யார் நடத்துகிறார்கள், பணம் எங்கே போகிறது, ஆள் எப்படி எடுக்கிறார்கள், எந்த இடத்தில் கெட்டுப்போகிறது? உள்விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், அதற்கு வேறு இழை இருக்கிறது.

#2 ஏட்டுச்சுவடி

முதலில் பெயர்க் குழப்பம். கிரேக்க எழுத்து ஒட்டியிருப்பதாலேயே எல்லாம் ஒரே சாதி ஆகிவிடாது. ஃபை பீட்டா கப்பா என்று கடிதம் வந்தால் பயப்படாதீர்கள், இனிப்பு வாங்குங்கள். அது படிப்பில் முன்னணியில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் மரியாதைச் சங்கம். பொறியியலில் டாவ் பீட்டா பை அதே மாதிரி. ஆல்ஃபா கப்பா சை, டெல்டா சிக்மா பை ஆகியவை வணிகம் படிப்பவர்களின் தொழில்முறைச் சங்கங்கள். ஆல்ஃபா ஃபை ஒமேகா தொண்டுச் சங்கம். நாம் பேசப்போவது நான்காவது வகையான ‘சோஷியல்’ சங்கங்கள். செய்தியில் வருவதும் வீடு வைத்திருப்பதும் பெரும்பாலும் இவைதான்.

வேடிக்கை என்னவென்றால் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா கப்பா ரகசிய விவாதச் சங்கமாகத்தான் தொடங்கியது. ஒரு கிரேக்க வாசகத்தின் முதலெழுத்துகள், ரகசியக் கைகுலுக்கல், உறுதிமொழி, பதக்கம் என்று இன்றைய சடங்குகளின் அச்சு அங்கேயே வார்க்கப்பட்டுவிட்டது. அதைப் பார்த்து நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825இல் கப்பா ஆல்ஃபா சொசைட்டி, 1827இல் சிக்மா ஃபை, டெல்டா ஃபை. ஒஹாயோவின் மயாமி பல்கலையில் 1839, 1848, 1855 ஆண்டுகளில் இன்னும் மூன்று.

பெண்கள் வந்தது பிற்பாடு. 1867இல் இலினாயின் மன்மத் கல்லூரியில் இன்றைய பை பீட்டா ஃபை, 1870இல் இண்டியானாவில் கப்பா ஆல்ஃபா தீட்டா. அப்போது ‘சொராரிட்டி’ என்ற சொல்லே கிடையாது. 1882இல் சிரக்யூஸில் காமா ஃபை பீட்டா சங்கத்துக்காக ஒரு லத்தீன் பேராசிரியர் உண்டாக்கிய சொல் அது. லத்தீனில் சொரார் என்றால் சகோதரி. அதற்கு முன்பே பிறந்த சங்கங்கள் சில இன்றும் தங்களைப் ‘பெண்கள் ஃப்ரடர்னிட்டி’ என்றே அழைத்துக்கொள்கின்றன.

வீடு எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். மாணவர் தொகை பெருகிய வேகத்துக்குக் கல்லூரிகள் விடுதி கட்டவில்லை. பழைய மாணவர்கள் காசு போட்டு வீடு கட்டினார்கள். கல்லூரிக்குச் செலவு மிச்சம். இன்றைய தலைவலிகள் பாதிக்கு விதை அந்த மிச்சத்தில்தான் விழுந்தது.

#3 கணக்குப்பிள்ளை

ஏட்டுச்சுவடி விட்ட இடத்துல இருந்து புடிக்கிறேன். ஒரு ஃப்ரட்டுன்னா ஒரே அமைப்புன்னு நினைக்காதீங்க. நாலு பேர் இருக்காங்க, நாலு பேருக்கும் தனித்தனி பாக்கெட்.

முதல் ஆள் சாப்டர். அந்தக் கேம்பஸ்ல இருக்கிற பசங்க. தலைவர், பொருளாளர், சோஷியல் சேர், ரிஸ்க் மேனேஜர் எல்லாமே 19, 20 வயசு. ரெண்டாவது நேஷனல், அதாவது தலைமையகம். சார்ட்டர் (கிளை நடத்த அனுமதி) கொடுக்கும், புடுங்கும், வருஷச் சந்தா வாங்கும், காப்பீடு எடுக்கும். மூணாவது ஹவுஸ் கார்ப்பரேஷன். வீட்டோட பத்திரம் பல இடத்துல இவங்க பேர்லதான். பழைய மாணவர்கள் சேர்ந்து பதிவு பண்ணின தனிக் கம்பெனி, சாப்டருக்கு வாடகைக்கு விடும். நாலாவது பல்கலைக்கழகம். இவங்க கையில இருக்கிறது ‘அங்கீகாரம்’ மட்டும். சில கேம்பஸ்ல நிலம் பல்கலையோடது, வீடு கார்ப்பரேஷனோடது, அப்போ பிடி கொஞ்சம் கூட.

இதைத் தவிர ஃபவுண்டேஷன்னு ஒண்ணு. சாப்டரும் நேஷனலும் வரிச்சட்டத்துல பொழுதுபோக்கு கிளப் வகை, 501(சி)(7). அதுக்குக் கொடுக்கிற காசுக்கு வரிவிலக்கு கிடையாது. ஃபவுண்டேஷன் 501(சி)(3), படிப்பு சம்பந்தமான செலவுக்குக் கொடுத்தா விலக்கு உண்டு. அதனாலதான் பழைய மாணவர் வீட்டுக்குப் பணம் கொடுக்கும்போது ‘படிப்பறைக்கு, நூலகத்துக்கு’ன்னு எழுதிக் கொடுப்பார். பில்லியர்ட்ஸ் மேஜைக்கு அந்தப் பணம் போகக்கூடாது.

பெத்தவங்க காதுல விழவேண்டிய விஷயம் காப்பீடு. நேஷனல் எடுக்கிற பொறுப்புக் காப்பீடு பொதுவா விதிப்படி நடந்துக்கிட்ட உறுப்பினரைத்தான் காக்கும். விதிப் புத்தகத்துல ஹேஸிங் (புதுசா சேர வர்றவங்களைக் கொடுமைப்படுத்துறது) கூடாது, 21க்குக் கீழ மது கூடாது, சாப்டர் பணத்துல சரக்கு வாங்கக்கூடாதுன்னு இருக்கும். அதை மீறினா? “நீ விதியை மீறிட்ட, பாலிசி உனக்குப் பொருந்தாது”ன்னு கை விரிக்கலாம். அப்புறம் வழக்குப் போடுறவரோட வக்கீல் அந்தப் பையனோட அப்பா அம்மாவின் வீட்டுக் காப்பீட்டைத் தேடி வருவார். பையன் வெளியூர்ல படிச்சாலும் அவன் அந்தக் குடும்பத்தோட பாலிசிக்குள்ள வர வாய்ப்பிருக்கு. பையன் சேர்ந்த வாரமே அந்தப் பாலிசியை எடுத்து ஒருதடவை படிங்க.

விதிப் புத்தகம் பசங்களைப் பாதுகாக்க எழுதினது பாதி, நேஷனலைப் பாதுகாக்க எழுதினது பாதி. எந்தப் பாதி பெருசுன்னு நான் சொல்லமாட்டேன்.

#4 மல்லிகைப்பந்தல்

பெண்கள் பக்கம் நான் எழுதுறேன். வீடியோவில் தெரிவது ஆட்டம்தான். அதற்குப் பின்னால் ஓடுவது முழுக்கக் கணக்கு.

சொராரிட்டிகளின் கூட்டமைப்பான தேசிய பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ் (என்பிசி) 1902இல் வந்தது, இப்போது 26 சங்கங்கள். இவற்றின் முதன்மைத் தேர்வை ஒரு கேம்பஸில் எல்லா வீடும் ஒரே நேரத்தில், ஒரே விதியில் நடத்தும். வரும் பெண்ணுக்குப் பெயர் பிஎன்எம், வருங்கால உறுப்பினர். அவளுக்கு ஒரு வழிகாட்டி அக்கா உண்டு. அந்த அக்கா தேர்வு முடியும்வரை தன் வீட்டோடு தொடர்பை நிறுத்திவைத்திருப்பாள், தான் எந்த வீடு என்று சொல்லவும் கூடாது.

சுற்றுகள்: முதலில் எல்லா வீடும், பிறகு தொண்டு பற்றிய சுற்று, பிறகு சகோதரத்துவம் அல்லது வீடு சுற்றிப் பார்த்தல், கடைசியில் ‘பிரெஃபரன்ஸ்’. பெயர்கள் கேம்பஸுக்குக் கேம்பஸ் மாறும். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் இவள் வீடுகளை வரிசைப்படுத்துவாள், வீடுகள் இவளைப் போன்றவர்களை வரிசைப்படுத்தும், கணினி பொருத்தும். கடைசிச் சுற்றில் பொதுவாக இரண்டு வீடு மிஞ்சும்.

இதில் பலருக்கும் புரியாதது விடுவிப்புக் கணக்கு. போன சில ஆண்டுகளில் ஒரு வீடு கூப்பிட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பார்ப்பார்கள். எல்லோரும் ஆசைப்படும் வீட்டுக்கு வருகை விகிதம் அதிகம். ஆகவே அந்த வீடு முதல் சுற்றிலேயே நிறையப் பேரை விட்டாக வேண்டும். வருகை குறைந்த வீடு நிறையப் பேரைக் கூப்பிடலாம். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் பழைய முறையில் பெரிய வீடுகள் கடைசி நாள்வரை நூறு பெண்களை ஆசை காட்டி வைத்திருந்து கடைசியில் கைவிட்டார்கள், அதற்குள் மற்ற வீடுகளின் கதவு மூடியிருக்கும். இந்தக் கணக்கு 2003இலிருந்து பரவிய பிறகு அழுகை முதல் நாளுக்கு வந்துவிட்டது. முதல் நாள் ‘பெரிய’ வீடு எல்லாம் விட்டுவிட்டது என்று பிள்ளை போனில் அழுதால், அவளிடம் குறை என்று அர்த்தமில்லை.

கடைசிச் சுற்று முடிந்ததும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் எழுதிய எந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் ஏற்க வேண்டும். வந்த அழைப்பை மறுத்தால் அந்தக் கேம்பஸில் வேறு எந்த என்பிசி வீட்டிலும் அடுத்த முதன்மைத் தேர்வுவரை சேர முடியாது. சில பெண்கள் ஒரே ஒரு வீட்டின் பெயரை மட்டும் எழுதுவார்கள். அது சூதாட்டம், கிடைக்காவிட்டால் ஒன்றுமே இல்லை. அழைத்த இரண்டு வீட்டையும் எழுதி, எல்லா அழைப்புக்கும் போயிருந்தால், இடம் கிடைக்கும்படிதான் விதி இருக்கிறது. மனம் ஒப்பவில்லையா, கையெழுத்தே போடாமல் எழுந்து வந்துவிடலாம். இடம் மீதமுள்ள வீடுகள் வருடத்தின் நடுவிலும் ஆள் எடுக்கும். அது ஆரவாரமில்லாத வழி, பேச நேரம் கிடைக்கும். என்னைக் கேட்டால் அதுவே நல்ல வழி.

மதிப்பெண்: வீடுகளுக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ உண்டு. அதற்குக் கீழே இருந்தால் பேச்சுத்திறமை எல்லாம் எடுபடாது. ‘லெகசி’, அதாவது அம்மாவோ அக்காவோ அதே சங்கத்தில் இருந்தால் தரும் முன்னுரிமையை 2020, 2021இல் பல சங்கங்கள் விட்டுவிட்டன. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எப்போதும் இருந்ததில்லை என்பதால் இது நல்ல செய்திதான்.

#5 சேலத்து மாங்கனி

பொண்ணுங்க வீட்டுல மது கிடையாதுன்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு ராத்திரி எல்லாரும் ஃப்ரட் வீட்டுக்குப் போறாங்க? இன்னொரு கேள்வி: நாலஞ்சு பொண்ணுங்க ஒரே வீட்டுல இருந்தா அதை விபச்சார விடுதின்னு சொல்ற பழைய சட்டம் இருக்காமே, அதான் சில ஊர்ல சொராரிட்டி வீடே இல்லைன்னாங்க. உண்மையா?

#6 கணக்குப்பிள்ளை

அந்தச் சட்டம் கட்டுக்கதைங்க. ஏறக்குறைய எல்லா கேம்பஸ்லயும் யாராவது சொல்வாங்க, தேடினா ஒரு ஊர்லயும் கிடைக்காது. வீடு இல்லாததுக்குக் காரணம் மண்டலக் கட்டுப்பாடு (எந்தப் பகுதியில எந்த மாதிரிக் கட்டடம் வரலாம்ங்கிறது), ஒரு வீட்டுல உறவில்லாதவங்க எத்தனை பேர் இருக்கலாம்ங்கிற நகராட்சி விதி, இல்லேன்னா காசு.

முதல் கேள்விதான் இந்த இழையோட மையம். 1984ல குறைந்தபட்ச குடி வயசுச் சட்டம் வந்துச்சு. 21க்குக் கீழ மது வாங்கவிடுற மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தை வெட்டுவோம்னு மத்திய அரசு சொன்னதும் ஒவ்வொரு மாநிலமா 21க்கு வந்துருச்சு. அதுவரைக்கும் பல மாநிலத்துல 18, 19 வயசுப் பசங்க பாருக்குப் போனாங்க. அங்க ஊத்திக் கொடுக்கிறவன் சம்பளத்துக்கு இருக்கிறவன், லைசென்ஸ் போயிடும்னு பயம் உள்ளவன். கதவு மூடினதும் அவங்க போறதுக்கு மிஞ்சின இடம் எது? பெரியவங்க இல்லாத, பெரிய ஹால் இருக்கிற, கேம்பஸ் போலீஸ் நினைச்ச நேரத்துல நுழைய முடியாத தனியார் வீடு.

சொராரிட்டி வீடுகள்ல மது கூடாதுங்கிறது பரவலான விதி. ஹவுஸ் டைரக்டர்னு ஒரு அம்மா அங்கேயே தங்கியிருப்பாங்க. அதனால விருந்து எப்பவும் ஆம்பளைங்க வீட்டுல. யார் உள்ள வரலாம், எத்தனை பொண்ணுக்கு எத்தனை பையன், அந்தப் பெரிய பக்கெட்டுல என்ன கலந்திருக்கு, மாடி அறைச் சாவி யார்கிட்ட, திரும்பிப் போக வண்டி உண்டா, எல்லாத்தையும் முடிவு பண்றது ஒரே தரப்பு. பாலியல் புகார்கள் பத்திப் பேசும்போது ‘பசங்க குணம்’னு பேசி நிறுத்திடுறாங்க. வீடு யாரோடது, ஊத்துறது யார்னு பார்க்கணும். பெண்கள் சங்கங்கள் பாதுகாப்புன்னு நினைச்சுப் போட்ட விதியே பெண்களை அடுத்தவன் வீட்டுக்கு அனுப்புது.

தலைமையகங்கள் போட்ட விதி: விருந்துக்கு விருந்தாளிப் பட்டியல், 21 ஆனவங்களுக்குக் கைப்பட்டை, அவங்க கொண்டுவர்ற பீர் ஆளுக்கு 355 மில்லி கேன் ஆறு, இல்லேன்னா லைசென்ஸ் உள்ள வெளியாளை வெச்சு விக்கணும். பொதுப் பீப்பாய் கூடாது. 2019 செப்டம்பர்ல இருந்து 15 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் உள்ளது லைசென்ஸ் உள்ள வெளியாள் விக்காத இடத்துல வீட்டுக்குள்ள கூடாதுன்னு ஆண்கள் கூட்டமைப்பு விதி வெச்சாங்க. எங்க ஓட்டை? விருந்துக்கு முன்னாடி அறைக்குள்ள நடக்கிற ‘பிரீகேம்’. அங்க பட்டியலும் இல்லை, கைப்பட்டையும் இல்லை. இன்னொரு ஓட்டை, கேம்பஸுக்கு வெளியில நாலு பேர் வாடகைக்கு எடுக்கிற ‘சாட்டலைட்’ வீடு. பேர் சாப்டரோடது கிடையாது, ஆளுங்க சாப்டரோட ஆளுங்க.

#7 இரவுப்பணி

ஹேஸிங் சாவுகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு ஒன்றுண்டு. அமெரிக்காவில் ஒரு ‘டிரிங்க்’ என்றால் 14 கிராம் தூய ஆல்கஹால்: 355 மில்லி பீர் அல்லது 44 மில்லி விஸ்கி. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ ஒன்றைத்தான் எரிக்கும். புது உறுப்பினருக்கு மூத்தவர் ஒருவரை ‘அண்ணன்’ ஆக்கும் ‘பிக்-லிட்டில்’ இரவில் அந்த அண்ணன் தம்பிக்கு ஒரு முழு புட்டி கொடுக்கும் வழக்கம் பல சாப்டர்களில் இருந்திருக்கிறது. 750 மில்லி புட்டி 17 டிரிங்க். அதை இரண்டு மணி நேரத்தில் முடித்தால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை. பீரில் வயிறு நிரம்பும், வாந்தி வரும், வேகம் குறையும். சாராயத்தில் அந்தத் தடை கிடையாது.

2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலையின் பீட்டா தீட்டா பை வீட்டில் நடந்ததில் கேமரா பதிவு இருந்ததால் எல்லாம் வெளியே வந்தது. புதிதாகச் சேர வந்த ஒரு மாணவருக்கு 82 நிமிடத்தில் 18 டிரிங்க். படிக்கட்டில் விழுந்தார். புரண்டு வாந்தியில் மூச்சடைக்கக்கூடாது என்று புத்தகம் நிரப்பிய பையை முதுகில் மாட்டிவிட்டார்கள். உதவிக்கு அழைக்க ஏறக்குறைய 12 மணி நேரம். மண்டையில் அடி, மண்ணீரல் கிழிந்து உள்ரத்தக்கசிவு, இறந்துவிட்டார். அது மது இல்லாத வீடு என்று அறிவிக்கப்பட்ட வீடு. அதே ஆண்டு செப்டம்பரில் லூசியானா ஸ்டேட் பல்கலையில் ஃபை டெல்டா தீட்டா: கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால் 95 சதவீதச் சாராயம். இறந்தவரின் ரத்தத்தில் 0.495 சதவீதம் ஆல்கஹால். அந்தச் சங்கமோ 2000ஆம் ஆண்டிலிருந்தே மதுவில்லா வீடு என்ற கொள்கை உடையது.

அந்தப் பை மாட்டும் பழக்கம் பற்றி: பையை மாட்டத் தோன்றுகிறது என்றாலே ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள். தூங்கினால் தெளிந்துவிடும் என்பது தவறு. நினைவு தப்பிய பிறகும் வயிற்றில் இருக்கும் சாராயம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். எழுப்பினால் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து நொடி இடைவெளி, உதடு நீலம், தோல் சில்லிட்டிருத்தல், வலிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் 911. ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே உட்காருங்கள். காபி, குளிர்ந்த நீர்க் குளியல் எதுவும் வேண்டாம். தலையில் அடிபட்டிருந்தால் குடிமயக்கமும் மூளைக்காயமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், அதனால் காத்திருக்கவே கூடாது. பெரும்பாலான மாநிலங்களில் உதவிக்கு அழைத்த மாணவர்மேல் வயதுக்குட்பட்ட குடிக்காக வழக்குப் போடமாட்டார்கள். இதைப் பிள்ளையிடம் கிளம்பும் நாளிலேயே சொல்லுங்கள்.

#8 கொங்கு வேலன்

நம்ம ஊரு ராகிங்தானுங்க இது? 1996ல சிதம்பரத்துல நடந்த கொடுமைக்கப்புறம் 1997ல தமிழ்நாடு சட்டம் போட்டுச்சு. அங்க இன்னும் என்னத்த யோசிக்கறாங்க?

#9 சட்டக்குறிப்பு

ஒன்றுபோலத் தெரியும், உள்ளே வேறு. ராகிங்கில் புதிதாக வந்த எவனும் இலக்கு, தப்பிக்கத்தான் பார்ப்பான். ஹேஸிங் நுழைவுக் கட்டணம். பையன் தானே விரும்பிப் போகிறான், நடுவில் விலகினால் இதுவரை பட்டதெல்லாம் வீண் என்று தோன்றும். போன வருடம் பட்டவன் இந்த வருடம் செய்கிறான். ‘சம்மதத்தோடுதானே’ என்பது நெடுங்காலம் எதிர்வாதமாக இருந்தது. டெக்சாஸ், ஃப்ளோரிடா, பென்சில்வேனியா போன்ற பல மாநிலச் சட்டங்கள் சம்மதம் எதிர்வாதமாகாது என்று தெளிவாகவே சொல்கின்றன.

2018இல் பென்சில்வேனியாவும் லூசியானாவும், 2021இல் ஒஹாயோவும், இறந்த மாணவர்களின் பெயரிலேயே சட்டத்தைக் கடுமையாக்கின. உயிர்ச்சேதம் ஏற்பட்டால் இப்போது அது ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். 2024 டிசம்பரில் மத்தியச் சட்டமும் வந்தது. ஹேஸிங் விதியை மீறியதாக உறுதியான ஒவ்வொரு மாணவர் அமைப்பின் பெயரையும், என்ன நடந்தது, எப்போது, என்ன தண்டனை என்பதையும் பல்கலை தன் தளத்தில் வெளியிட வேண்டும், ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்க வேண்டும். பெற்றோர் கையில் கிடைத்திருக்கும் மிகப் பயனுள்ள ஆயுதம் இதுதான். கல்லூரிப் பெயரோடு ‘ஹேஸிங் டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட்’ என்று தேடினால் கிடைக்கும்.

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: குடித்து வண்டி ஓட்டிக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே, விசாவை ரத்து செய்யும் அதிகாரம் வெளியுறவுத்துறைக்கு இருக்கிறது, பயன்படுத்தவும் செய்கிறார்கள். ஃப்ரட் விருந்திலிருந்து எல்லாரையும் வீடு சேர்க்கும் ‘ஓட்டுநர்’ வேலையைப் புது உறுப்பினர் தலையில்தான் கட்டுவார்கள். நள்ளிரவு மூன்று மணிவரை தினமும் ஓட்டவைப்பதும் ஹேஸிங்தான்.

#10 கருங்குயில்

ஒன்பது பதிவு ஆச்சு, எல்லாரும் தூண் வெச்ச வெள்ளை மாளிகையைப் பத்தியே பேசுறீங்க. அந்த மாளிகைக்குள்ள விடாததால பிறந்த சங்கங்களை யாரும் தொடவே இல்லை.

1906ல கார்னெல்ல ஏழு கறுப்பின மாணவர்கள் ஆரம்பிச்சது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. கல்லூரியில கறுப்பு மாணவர்கள் சொற்பம், தங்க இடமில்லை, படிக்கத் துணையில்லை. 1908ல வாஷிங்டன்ல இருக்கிற ஹவர்ட் பல்கலையில (ஹார்வர்ட் இல்லை) ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா (ஏகேஏ), 1913ல டெல்டா சிக்மா தீட்டா. டெல்டா தொடங்கி ரெண்டு மாசத்துல, மார்ச் 3ல, வாஷிங்டன்ல நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்துல அந்த மாணவிகள் நடந்தாங்க. இப்ப மொத்தம் ஒன்பது, ‘டிவைன் நைன்’னு சொல்வாங்க. மார்ட்டின் லூதர் கிங், தர்குட் மார்ஷல் ஆல்ஃபாக்காரங்க. கமலா ஹாரிஸ் ஹவர்ட்ல ஏகேஏ.

இங்க வீடு பெரும்பாலும் கிடையாது. பட்டம் வாங்கினதோட முடியறதும் கிடையாது. பட்டதாரி சாப்டர் தனியா உண்டு, நாற்பது வயசுல கூட அழைப்பு வந்தா சேரலாம். அவங்களுக்கு இது ஊர்ச் சங்கம், தேர்தல் வேலை, ஸ்காலர்ஷிப் எல்லாம். ‘ஃப்ரட்டுன்னா பணக்காரப் பசங்க குடி’ன்னு ஒரே வரியில எழுதினா இவங்களை அழிச்சுடுறீங்க.

குறை இல்லைன்னு சொல்லலை. குடி கம்மி, அடி ஜாஸ்தி. மரத் துடுப்பால அடிக்கிற வழக்கம். 1990ல அப்போ கூட்டமைப்புல இருந்த எட்டு சங்கமும் ‘பிளெட்ஜிங்’கையே (சேர்க்கிறதுக்கு முன்னாடி நடக்கிற சோதனைக் காலம்) தடை பண்ணி, விண்ணப்பம், நேர்காணல், சில நாள் பயிற்சின்னு மாத்தினாங்க. என்ன ஆச்சு? வெளிப்படையா, பெரியவங்க கண்ணு முன்னால நடந்தது நிலவறைக்குப் போச்சு. காகிதத்துல மட்டும் சேர்ந்தவனை ‘பேப்பர்’னு கேலி பண்ணுவாங்க, அந்தக் கேலிக்குப் பயந்தே ரகசியமா அடி வாங்கப் போறவன் உண்டு.

நம்ம பிள்ளைங்களுக்கு நேரடியாப் பொருந்துறது தெற்காசியச் சங்கங்கள். 1990கள்ல முளைச்சது: பிங்ஹாம்டன்ல அயோட்டா நூ டெல்டா, 1998ல ஆஸ்டின் டெக்சாஸ் பல்கலையில டெல்டா எப்சிலான் சை, ஹூஸ்டன்ல டெல்டா ஃபை ஒமேகா. சின்னக் குழு, செலவு கம்மி, பரதமும் பாங்க்ராவும் ஒரே மேடையில. ஆனா ‘நம்ம பிள்ளைங்க தானே’ன்னு கேள்வி கேக்காம விட்டுடாதீங்க. பத்து பேர் உள்ள சாப்டர்ல ஆலோசகர் பேருக்குத்தான் இருப்பார். அந்த ஹேஸிங் ரிப்போர்ட்ல இந்தப் பேரையும் தேடுங்க.

#11 ஏட்டுச்சுவடி

கருங்குயில் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அலபாமா பல்கலையில் பாரம்பரிய வெள்ளைச் சொராரிட்டிகள் கறுப்பின மாணவிகளைப் பரவலாகச் சேர்த்தது எப்போது என்று நினைக்கிறீர்கள்? 2013 செப்டம்பர். தகுதியுள்ள ஒரு மாணவியை உறுப்பினர்கள் எடுக்க விரும்பியும் பழைய மாணவிகள் தடுத்தார்கள் என்று மாணவர் பத்திரிகை எழுதி, நாடே திரும்பிப் பார்த்த பிறகு. 2015 மார்ச்சில் ஓக்லஹோமாவில் சிக்மா ஆல்ஃபா எப்சிலான் பேருந்தில் பாடிய இனவெறிப் பாட்டு வெளியானதும் சில நாளில் சாப்டர் மூடப்பட்டது. கேட்டுப் பாருங்கள், அந்தப் பாட்டைப் பேருந்தில் ஏறியவன் இயற்றியிருக்கமாட்டான், யாரோ சொல்லிக்கொடுத்திருப்பான். விசாரணையில் அது தலைமையகம் நடத்திய ஒரு நிகழ்ச்சியில் கற்றது என்று தெரிந்தது.

#12 சேலத்து மாங்கனி

இவ்வளவு இருக்கும்போது மொத்தமா மூடிட்டா என்ன?

#13 சட்டக்குறிப்பு

சிறிய கல்லூரிகள் மூடியிருக்கின்றன. வில்லியம்ஸ் 1962இல் வீடுகளைத் தானே வாங்கி விடுதியாக்கும் வேலையைத் தொடங்கியது. மாணவர் அனைவரையும் கேம்பஸுக்குள் தங்கவைக்கக் கல்லூரிக்கு வசதி இருந்தால்தான் அது நடக்கும்.

மூட முயன்று திரும்பிய கதை ஹார்வர்ட். 2016இல் ஆண் மட்டும், பெண் மட்டும் என்ற சங்கங்களில் சேர்பவர்களுக்கு மாணவர் தலைமைப் பதவியும் ரோட்ஸ் போன்ற உதவித்தொகைக்கான பரிந்துரையும் கிடையாது என்றார்கள். வழக்கு வந்தது. 2020இல் பாலினப் பாகுபாடு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு விதியை வாபஸ் வாங்கினார்கள். சோஷியல் சங்கங்கள் ஒரே பாலினத்தவரை மட்டும் சேர்த்துக்கொள்ள 1974இலிருந்தே டைட்டில் நைன் சட்டத்தில் (கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் மத்தியச் சட்டம்) விலக்கு இருக்கிறது.

மூன்றாவது கதை போல்டர், கொலராடோ. 2004இல் ஒரு புது மாணவர் இறந்தார். பல்கலை முதல் பருவத்தில் ஆள் எடுக்கக்கூடாது, வீட்டில் மேற்பார்வையாளர் வேண்டும் என்று ஒப்பந்தம் நீட்டியது. ஃப்ரட்டுகள் 2005இல் பல்கலையோடு உறவை முறித்துக்கொண்டு தனிக் கூட்டமைப்பாக நின்றன. வீடு அவர்களுடையது, மாணவர் வருகிறார்கள், பல்கலைக்கு நுழைய உரிமையில்லை. கணக்குப்பிள்ளை சொன்ன நாலு பாக்கெட்டில் நான்காவது எவ்வளவு காலி என்று இங்கே தெரியும்.

#14 ஸ்காபரோ செல்வி

கனடாப் பக்கமும் சொல்லுறன். ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தில 1879இலயே சீட்டா சை வந்திட்டுது, கனடாவில முதலாவது. ஆனா இண்டைக்குப் பல்கலைக்கழகம் ஒரு ஃப்ரட்டையும் அங்கீகரிக்கிறதில்லை. எல்லாருக்கும் திறக்காத சங்கத்துக்கு இடமில்லை எண்டு விட்டிட்டினம். வீடுகள் கேம்பஸுக்குப் பக்கத்தில தெருவில நிக்குது, புகார் எண்டால் நகரசபைக்குத்தான் போகவேணும். இஞ்ச குடிக்கிற வயது 19. அதாலயும், வீட்டிலயிருந்தே பஸ்ஸில வந்து படிக்கிற பிள்ளையள் கூட எண்டதாலயும் அதுகளின்ர செல்வாக்கு அமெரிக்கா மாதிரி இல்லை. தமிழ்ப் பிள்ளையளுக்குத் தமிழ் மாணவர் ஒன்றியம் தான் அந்த வேலையைச் செய்யுது. கணக்குப்பிள்ளை அண்ணை சொன்ன வயசுக் கணக்கு சரியெண்டதுக்கு இது ஒரு சாட்சி எண்டு நினைக்கிறன்.

#15 தாழம்பூ

வேலை கிடைக்க உதவும் என்கிறார்களே, அதில் எவ்வளவு உண்மை?

#16 கணக்குப்பிள்ளை

ரெண்டு ஆய்வு ரெண்டு பக்கம் இழுக்குது. வடகிழக்குல ஒரு கல்லூரியோட பழைய மாணவர்களை வெச்சுப் பொருளியலாளர்கள் பண்ணினதுல, ஃப்ரட்ல சேர்ந்தா ஜிபிஏ 4க்கு கால் புள்ளி குறையுது, பின்னாடி வருமானம் சுமார் 36 சதவீதம் கூடுதுன்னு வந்துச்சு. எல்லாரும் அந்த 36ஐ மட்டும் மேற்கோள் காட்டுவாங்க. அது ஒரே கல்லூரி. வேறொரு ஆய்வுல, சேரத் தகுதியான மதிப்பெண் எல்லைக்கு மேலயும் கீழயும் இருந்தவங்களை ஒப்பிட்டாங்க. மதிப்பெண் குறையுது, வருமானத்துல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. பேங்கிங், சேல்ஸ், மாநில அரசியல், அந்த ஊர் ரியல் எஸ்டேட்னா தொடர்பு பேசும். கோடிங் நேர்காணல்ல உங்க பதக்கத்தை யாரும் கேக்கமாட்டாங்க.

#17 மல்லிகைப்பந்தல்

சேர முடிவு பண்ணிவிட்டால் கேட்கவேண்டியவை. முழுக் கட்டணப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். சந்தா என்று ஒரு தொகை சொல்வார்கள். அதற்குமேல் புது உறுப்பினர் கட்டணம், சேர்ப்புக் கட்டணம், பதக்கம், தலைமையகச் சந்தா, காப்பீடு, கட்டட நிதி, சட்டை, நிகழ்ச்சிக்கு வராததற்கு அபராதம் என்று முதல் ஆண்டிலேயே தனித்தனியாக வரும். புது உறுப்பினர் காலம் எத்தனை வாரம், சடங்கு எந்தத் தேதி என்று கேளுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் வழக்கம், தேதி சொல்லத் தயங்கினால் அங்கேயே நில்லுங்கள். ‘போனைக் கொடு’, ‘யாரிடமும் சொல்லாதே’, ‘நள்ளிரவில் வா’ இந்த மூன்றில் ஒன்று வந்தால் வெளியே வரலாம், சேர்ப்புச் சடங்குக்கு முன் விலகினால் சட்டச் சிக்கல் ஒன்றும் இல்லை, கட்டிய பணத்தில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

வீட்டில் தங்குவதானால் தீயணைக்கும் நீர்த்தெளிப்பான் இருக்கிறதா என்று மேலே அண்ணாந்து பாருங்கள். 1996இல் சேப்பல் ஹில்லில் ஒரு ஃப்ரட் வீட்டுத் தீயில் ஐந்து மாணவர்கள் பட்டமளிப்பு நாள் காலையில் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஊர் இந்த வீடுகளுக்குத் தெளிப்பானைக் கட்டாயமாக்கியது. எல்லா ஊரிலும் அப்படி இல்லை.

#18 தாழம்பூ

நன்றி மல்லிகை அக்கா. கட்டணப் பட்டியலில் ‘பார்லர் ஃபீ’ என்று ஒன்று வருகிறதே, அழகுநிலையமா?

#19 மல்லிகைப்பந்தல்

இல்லைம்மா. வீட்டில் தங்காத உறுப்பினர் வரவேற்பறையையும் சமையலறையையும் பயன்படுத்துவதற்கு ஹவுஸ் கார்ப்பரேஷனுக்குக் கட்டும் தொகை. பருவத்துக்கு ஒருமுறை வரும், வீட்டுப் பக்கமே போகாவிட்டாலும் வரும். ஒப்பந்தத்தில் ‘இரண்டாம் ஆண்டு வீட்டில் தங்கவேண்டும்’ என்ற வரியும் அதே பக்கத்தில் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். அதில் கையெழுத்துப் போட்டபின் வெளியில் அபார்ட்மெண்ட் எடுத்தால் இரண்டு வாடகை.